கற்பூரச் சத்தியம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. எஸ்டேட் லைன் வீட்டுத் தகரக் கூரையில் காய்ந்த குச்சி விழுந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னைத் தேடிப் பிடித்து, சண்டை போடுகிற வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் ஒரு சண்டைக்காரர், புருஷன் இன்னொரு சண்டைக்காரர். மூன்றாவதை நானே பெற்றேன், அதற்கு யாரைக் குறை சொல்ல?

மாமனாரின் சண்டையைப் பார்த்து நான் பயந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கம்பு ஆடுகிறவர். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் ஆடும்போது கம்பின் நுனியில் ஈரத் திருநீற்றைத் தடவிக்கொள்வார்கள். எதிராளியின் உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. தொட்டவர் ஒரு எட்டு பின்னால் வைத்து, கம்பைத் தாழ்த்திக் கும்பிடுவார். புள்ளி வாங்கியவரும் கும்பிடுவார். பிறகு இரண்டு பேரும் ஒரே குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதற்கு ஏன் சண்டை என்று பெயர் வைத்தார்கள் என்று நான் கேலி செய்ததுண்டு.

என் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் பிரிஞ்சாங் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்க் கராத்தே கற்றுக்கொண்டார். அப்புறம் காய்கறி லோரி ஓட்ட வந்த கிளாந்தான்காரர் ஒருவர் சிநேகிதமானார். அவருடைய ஊரில் தொமோய் என்று ஒரு சண்டை. முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றாலும் அடிக்கலாம். அதையும் இவர் விடவில்லை. அப்பாவிடமிருந்து கால் வைப்பு, பிரிஞ்சாங்கிலிருந்து குத்து, கிளாந்தானிலிருந்து முழங்கால் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார். புளிக்குழம்பில் பாயசத்தை ஊற்றுகிறீர்களே என்றேன். இனிமேல் வருகிறவனெல்லாம் இப்படித்தான் ஆடுவான், ஒன்றை மட்டும் கற்றவன் நிற்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் அவர் அடிக்கிற கோணிப்பையின் சத்தம் மட்டும்தான்.

ஃபெக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைத் தூளைக் கோணியில் அடைத்து, வீட்டுக்குப் பின்னால் மரத்தில் கட்டியிருந்தார். வேலை முடிந்து வந்ததும் அதை அடிப்பார். தொப், தொப் என்று ஒரு சத்தம். நான் அடுப்படியில் நின்று, இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார் என்று காத்திருப்பேன். நிறுத்தமாட்டார். கோணி கிழிந்து தூள் கொட்டும்போதும் அடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் அவ்வளவு சாதுவான மனுஷன், என்னை ஒரு நாள் அதட்டியதுகூட இல்லை. அந்தக் கோணியின் முன்னால் மட்டும் அவர் முகம் வேறாகிவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தேன். பிரிஞ்சாங்கில் ஒரு ஞாயிறு நடந்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிராளி கீழே விழுந்தான். விழுந்தவன் மேல் இவர் இன்னும் இரண்டு குத்து விட்டார். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவர் சட்டையை அலசியபோது தண்ணீர் சிவந்தது. அது இவருடைய ரத்தமில்லை.

"ஏங்க, அவன் செத்துப் போயிருந்தா?"

"சாவமாட்டான்லா. சும்மா பயப்படாத புள்ள."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். இவர் செத்துவிடுவாரோ என்று ஒன்று. யாரையாவது கொன்றுவிட்டு, பிள்ளை பிறக்கிற நேரத்தில் ஜெயிலில் உட்கார்ந்திருப்பாரோ என்று இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. கொழுந்து வெட்டும்போதும் அதே நினைப்பு. கங்காணி இரண்டு தடவை திட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ரிங்லெட்டில் ஒரு திறந்த ஆட்டம் என்றார்கள். யாரும் வரலாம், எந்த வித்தையும் ஆடலாம். என் வீட்டுக்காரர் பெயர் கொடுத்துவிட்டார். அன்று காலை சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அவரைக் கூப்பிட்டேன்.

"உங்க அடி அவன் மேல பட்டதும் மாமா மாதிரி ஒரு எட்டு பின்னால வந்து கும்பிடணும். அடிமேல அடி போடக் கூடாது. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"இது கம்பு ஆட்டமில்ல புள்ள. அங்க யாரும் கும்பிட மாட்டாங்க."

"அப்பப் போகாதீங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். ஏழு மாதம். உள்ளங்கையால் கற்பூரத்தை ஒரே தட்டில் அணைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

ரிங்லெட் திடலில் பிற்பகலே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கயிறு கட்டிய சதுரத்தைச் சுற்றிக் கூட்டம். எதிராளி வேறு ஊரிலிருந்து வந்த மலாய்க்காரப் பையன், இவரைவிட ஒல்லி. மாமனார் எனக்குப் பக்கத்தில் நின்றார். முதல் சுற்று சமமாகப் போனது. இரண்டாவது சுற்றில் இவர் விட்ட உதை பையன் நெஞ்சில் சரியாக விழுந்தது. பையன் தள்ளாடினான். இன்னொன்று விட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும், எனக்கே தெரிந்தது.

இவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். கைகளை இறக்கினார். கும்பிட்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பையனுக்கு என்ன தெரியும்? ஆட்டம் நடக்கிறது, எதிரே ஒருவன் கையை இறக்கி நிற்கிறான். அவன் கால் சுழன்று வந்து இவருடைய இடது காதில் விழுந்தது. இவர் குனிந்த தலையோடு அப்படியே மண்ணில் சரிந்தார்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஓடிப் போய் உட்கார்ந்து தலையை மடியில் வைத்தேன். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்தப் பையனும் எதிரே மண்டியிட்டான். "கெனாப்பா டியா பெர்ஹென்தி, காக்கா?" என்று என்னிடம் கேட்டான். அவர் ஏன் நிறுத்தினார் அக்கா என்று. பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

லோரியில் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் வாந்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் இதோடு போய்விட்டார் என்று நினைத்தேன். வயிற்றில் பிள்ளை அசையவில்லை போலிருந்தது. மாரியாத்தா, இரண்டில் ஒன்றையாவது விடு என்று வேண்டினேன்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் இடது காது போய்விட்டது. காதோடு நிதானமும் போனது. சரிவில் நின்றால் தலை சுற்றும், விழுவார். தேயிலைத் தோட்டத்தில் சரிவில்லாத இடம் ஏது? ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பரிதாபப்பட்டு ஃபெக்டரியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமனார் கேட்டார்: "ஏண்டா கைய எறக்குன?" இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பழக்கம்ப்பா. சின்னதுலேர்ந்து உங்க ஆட்டத்தப் பாத்து வந்த பழக்கம்" என்றார்.

மாமனார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது பெருமையாகிவிட்டது. எத்தனை வித்தை கற்றாலும் என் மகன் மரியாதையை மறக்கவில்லை, தோற்றாலும் கும்பிட்டுத் தோற்றான் என்று லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பத்து வருஷம் சொன்னார். நான் பத்து வருஷமும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். ராத்திரி படுத்தால் அந்தப் பையனின் கேள்விதான் வரும். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அன்று வயிற்றில் இருந்த பிள்ளை, என் மகள், வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தேக்வாண்டோ சேர்ந்தாள். மார்புக்கும் தலைக்கும் கவசம் கட்டிக்கொள்கிற சண்டை. "தலகாணியக் கட்டிக்கிட்டு சண்டையா?" என்று மாமனார் சிரித்தார். எனக்கு அந்தத் தலையணை கொஞ்சம் தைரியம் கொடுத்தது. ஆனால் கவசம் போட்டிக்கு மட்டும்தான் தருவார்கள். பயிற்சியில் வெறும் தலைதான்.

கம்போங் ராஜாவில் அவளுக்குப் போட்டி வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தேன். வீட்டு முன்னால் மகளும் அடுத்த வீட்டுப் பெண்ணும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் நாற்காலியில். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து என் கொழுந்துக் கத்தரியை அரம் போட்டுக்கொண்டிருந்தார், கேளாத காது எங்கள் பக்கம். மகள் உதைத்தாள். உதை அந்தப் பெண் மேல் பட்டதும் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். கைகளை இறக்கினாள். கும்பிட்டாள்.

"அப்பன் மாதிரியே பாரு" என்று மாமனார் கைதட்டினார்.

எனக்கு ரிங்லெட் திடலில் நிற்பது போலவே இருந்தது.

"அப்படி செய்யாதடி."

"ஏம்மா? அப்பா செஞ்சாருல்ல?"

"பாயிண்ட் போயிரும்."

"போனா போவட்டும். அப்பாவும் தோத்தாரு. ஆனா தாத்தா இன்னும் அதத்தானே சொல்றாரு."

வேறு என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்குத் தலையணை கட்டினாலும் என்ன, யாரோ ஒருத்தியின் கால் சுழன்று வருகிறது, என் மகள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். அதுதான் கண்ணில் வந்தது.

"அது மரியாதையும் இல்ல, பழக்கமும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் கற்பூரம் ஏத்தி சத்தியம் வாங்குனேன். நான் பயந்தேன். அதனாலதான் அவரு கைய எறக்குனாரு. மாமா, உங்க புள்ள காது என்னாலதான் போச்சு."

அடுத்த வீட்டுப் பெண் மெதுவாக உள்ளே போய்விட்டாள். மாமனார் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் பத்து வருஷப் பெருமை இருந்த இடம் காலியாகிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

அரம் போடுகிற சத்தம் நின்றது. எல்லோரும் சும்மா நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன?" என்றார். நான் அவருடைய வலது பக்கம் போய்க் குனிந்து சொன்னேன்.

"சொல்லிட்டேங்க."

அவருக்குப் புரிந்தது. "ஏன் புள்ள?"

"அவளும் கைய எறக்குறா."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து மகள் முன்னால் போய் நின்றார். "கையத் தூக்கு" என்றார். தூக்கினாள். "இன்னும் மேல. காது மறையணும்." அவளுடைய இரண்டு முஷ்டிகளும் காதுகளுக்குப் போயின. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ரெஃப்ரி நிறுத்துற வரைக்கும் எறக்கக் கூடாது" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உங்கம்மாவே சொன்னாலும் எறக்காத."