தெருவை அடைத்த பாவு

மாசம் நிறையும் முன்பே என் தங்கச்சிக்கு ரத்தம் போக ஆரம்பித்த காலையில், அவள் மாமனார் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கும் சேவூர் தெருவில் பாவு போட்டிருந்தார். பட்டுப் புடவைக்கான நீள இழைகளைத் தெருக்கோடி வரை இழுத்துக் கட்டி, அறுந்ததையெல்லாம் பிணைப்பார்கள். அப்போது சுவரை உரசிக்கொண்டு ஒரு ஆள் போகலாம். ஸ்ட்ரெச்சர் போகாது.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபடி நின்றது. டிரைவர் ஓடி வந்து, "பெரியவரே, ஜல்தி எடுங்க" என்றார்.

"பிணைச்சிகினு கீறோம். பாதியில சுருட்டினா அத்தனையும் சிக்காயிடும். கொஞ்சம் பொறு."

"மாமா, உள்ள பாயெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றேன்.

"எந்தப் பொம்பளைக்குத்தான் ரத்தம் போவல?"

டிரைவர் பாவைத் தாங்கிய கோலில் கை வைத்தார். மாமனார் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தறிக் கத்தரியை எடுத்து வந்து பாவை நடுவில் வெட்டினேன். விறைப்பாக நின்ற பட்டு இரண்டு பக்கமும் தெறித்து, என் கன்னத்தில் சாட்டை மாதிரி விழுந்தது.

அடுத்த அடி மாமனாருடையது. முடியைப் பிடித்துக் கீழே தள்ளிக் கோலால் முதுகில் விளாசினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தும் விடவில்லை. தங்கச்சி புருஷன் என் இடுப்பில் உதைத்தான். பெண்டாட்டி உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள், பாவி, பட்டுக்காக என்னை உதைக்கிறான்! அந்த அமளியில் டிரைவரும் ஆம்புலன்ஸில் வந்த நர்ஸும் அறுந்த பட்டை மிதித்துக்கொண்டு அவளைத் தூக்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, "தாயைக் காப்பாத்திட்டோம்" என்றார். குழந்தையைப் பற்றி நானாகத்தான் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா குழந்தையும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பின்னாலேயே வந்திருந்த மாமனார் வராண்டாவில் நின்று, "பாவு போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றினேன். வாட்ச்மேன் வந்து பிடிக்கும் வரை அடித்தேன். இன்றைக்கும் அதற்காக எனக்குத் துளி வருத்தமில்லை.

தங்கச்சி மறுபடி முழுகாமல் இருந்தபோது, அவரே பாவைக் கழனியோர ரோட்டுக்குக் கொண்டுபோனார். வலி வந்த அன்று ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்தது. பெண் குழந்தை.

"மாமா மனசு மாறிட்டாரு, அக்கா" என்றாள் தங்கச்சி, பால் கொடுத்துக்கொண்டே.

இருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் பாவைத் தோளில் சுமந்து போன ஒவ்வொரு காலையும் அவர் என் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கத்தரியை நான் அந்த ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருந்தேன்.