வலை கரை ஏறிய பிறகு பள்ளிக்கூடம்

கயிறு இழுத்த உள்ளங்கையில் சிலேட்டுப் பென்சிலைப் பிடித்தால் சுரீரென்று எரியும். உப்பு காய்ந்த தும்புக் கயிறு தோலை உரித்திருக்கும். அந்த எரிச்சலோடுதான் நாங்கள் 'அ' எழுதினோம்...

உடப்பு என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு வடக்கே எங்கள் கடற்கரை. விடியும்போது தோணி போய்க் கரைவலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். பிறகு இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, கரையில் நின்று இழுக்கவேண்டும். பெரியவர்களோடு பிள்ளைகளும். மீன் நிறைந்த வலையின் மடி கரை ஏறும்போது உச்சி வெயில். பிள்ளைக்கு அரைப் பங்கு மீன். அது வராவிட்டால் அன்று வீட்டில் வெறுங்கஞ்சிதான்.

இதில் அழகு ஒன்றும் இல்லை நண்பர்களே. கடற்கரையைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து இழுத்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடமோ ஒன்பது மணி முதல் இரண்டரை வரை. அரசாங்க விதி. வாத்தியார்மார் வருவார்கள். பிள்ளைகள் இருக்கவேண்டிய வாங்குப் பலகைகள் வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்து எல்லாருக்கும் "வரவில்லை" என்று போடுவார்கள். கதிரையில் சாய்ந்து தூங்குவார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டு, மாற்றம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

பிறகு வேலுப்பிள்ளை வாத்தியார் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். ஒல்லி, கோபக்காரர், எந்நேரமும் வாயில் வெற்றிலை. அன்பே உருவானவர் என்று பொய் சொல்லமாட்டேன். அவர் திருகிய காது மறுநாளும் சிவந்திருக்கும்.

வந்த கிழமையே கரைக்கு இறங்கி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டார்.

"காலமையில பிள்ளையளை என்னட்ட விடுங்கோ."

"விடுறன் வாத்தியார். அவையின்ர வீடுகளுக்கு மீனை நீங்க குடுப்பீங்களோ?"

கரையே சிரித்தது. என் அம்மாவும்தான். வாத்தியார் சிரிக்கவில்லை.

"அப்ப வலை எத்தினை மணிக்கு ஏறும்?"

"அதை மீனிட்டத்தான் கேக்கோணும்."

"சரி. மடி ஏறின உடனே பள்ளிக்கூடம்."

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் மத்தியானம் தொடங்கி, பொழுது சாயும்வரை நடந்தது. கையில் ஒட்டிய செதிலோடு ஓடுவோம். விதிப்படி அது குற்றம். அதிகாரிகள் அறிந்தால் அவர் வேலை போகும். காலையில் பிள்ளையே வராத பள்ளிக்கூடம் என்று அதையும் மூடிவிடுவார்கள். அவர் அதை எங்களிடம் மறைக்கவும் இல்லை.

"பிடிபட்டா நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க வாசியுங்கோ."

பிடிபட்டார்.

ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர். மிடுக்கு மட்டும் வெள்ளைக்காரருடையது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. வாத்தியார் ஒரு விளக்கமும் சொல்லாமல் அவரை நேரே கரைக்குக் கூட்டி வந்தார்.

"இவைதான் என்ர பிள்ளையள்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்தது. எனக்கு முன்னால் கயிற்றில் நின்ற செல்லையாவை அதட்டினார். "நீ எந்த வகுப்படா? இஞ்ச வா!"

செல்லையா திரும்பியும் பார்க்கவில்லை. "இப்ப ஏலாது ஐயா. கயிறை விட்டா வலை சரிஞ்சிரும். வேணுமெண்டா நீங்களும் ஒருக்காப் பிடியுங்கோவன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை எங்களுக்கு.

"பிள்ளைகள் இல்லையெண்டு எழுதிப்போட்டு நான் போறன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

வாத்தியார் வெற்றிலையைத் துப்பினார். "எழுதுங்கோ. பிள்ளையள் வரமுந்தி ஐயா போயிட்டார் எண்டு நானும் மேலிடத்துக்கு எழுதுறன். என்ர வேலையை எடுக்கிறது உங்கட கையில. ஆனா பரீட்சை வைக்காமப் பள்ளிக்கூடத்தை மூட நான் விடமாட்டன்."

ஒரு அதிகாரியிடம் ஒருவர் அப்படிக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. இழுப்பதையே மறந்து நின்றோம்.

"டேய், வாயைப் பாக்காம இழுங்கடா!" என்று சம்மாட்டி கத்தினார். பிறகு அவரே ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வைத்தார். "இருங்கோ ஐயா, இன்னும் கொஞ்சம்தான்."

இரக்கம் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடம் மத்தியானம் நடந்தால்தான் அவருக்குக் காலையில் கயிறு இழுக்க ஆள் இருக்கும்.

மடி ஏறியது. ஓடினோம். இடுப்பில் நனைந்த சாரத்தோடு வாங்கில் இருந்து பரீட்சை எழுதினோம். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திய லேஞ்சித் துணியை எடுக்கவே இல்லை. நான் கணக்கில் தப்பினேன், வாசிப்பில் தடுமாறினேன். சிலர் தவறினார்கள். பாதிக்கு மேல் தேறினோம். பள்ளிக்கூடம் பிழைத்தது.

ஆனால் உத்தரவு வந்தது: ஒன்பது முதல் இரண்டரை, விதி விதிதான். வாத்தியார் ஒன்பதுக்குத் திறந்து வெறும் வாங்குகளோடு காத்திருந்தார். மத்தியானம் எங்களை உள்ளே எடுத்தார். இரண்டரைக்கு விதிப்படி பூட்டினார். பிறகு வெளியே மரத்தடியில், எழுத்துத் தெரிகிற வெளிச்சம் இருக்கும்வரை சொல்லிக்கொடுத்தார். இப்படியே வருடக்கணக்காக. பதவி உயர்வு ஒன்றும் கிடைக்கவில்லை. நெஞ்சு நோய் முற்றிய பிறகுதான் ஊருக்குப் போனார்.

போன மாதம் அங்கே காலமாகிவிட்டாராம்...

இப்போது சுதந்திரம் வரப்போகிறது என்கிறார்கள். சம்மாட்டியின் மகன் மேடை போட்டுப் பேசுகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டாயிற்று, புது வாத்தியாரும் வந்தாயிற்று. நேரம் மட்டும் அதே ஒன்பது முதல் இரண்டரை. பிந்தி வருகிறவர்களை உள்ளே எடுப்பதில்லை, இரண்டரைக்குப் பூட்டு. பிள்ளைகள் களைத்து வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அன்று வெள்ளைக்காரன் விதி என்று திட்டினோம். இனி யாரைத் திட்டுவது?

வேலுப்பிள்ளை வாத்தியாருக்குக் கூட்டம் வைத்துப் படம் திறப்போம் என்றார்கள் சிலர். எனக்கு அது பிடிக்கவில்லை. செல்லையாவும் நானும் கருவாட்டுக் கொட்டிலைக் கூட்டி, பாய் விரித்து, பிற்பகலில் வகுப்புத் தொடங்கிவிட்டோம்.

நேற்றுப் புது வாத்தியார் வந்து வாசலில் நின்றார். "ஆரிட்டக் கேட்டு நடத்துறீங்கள்?"

"ஆரிட்டயும் கேக்கேல்ல," என்றேன். "இவையின்ர பேருக்கு நேரே இடாப்பில 'வரவில்லை' எண்டுதானே போடுறீங்கள்? வந்திருக்கினம். பாருங்கோ."

ஒரு சின்னப் பெண் நகர்ந்து, பாயில் அவருக்கும் இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.

நாங்கள் பாடத்தை நிறுத்தவில்லை.