அக்கா தேர்வில் தோற்கவில்லை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர், அக்கா வெளிநாட்டில் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டுக் கடைசியில்தான் நர்ஸ் ஆனார் என்று என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்க வந்த அன்றுகூட ஒருவர் சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவருடைய ஒரே தம்பி எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிறந்தவர் அக்கா. துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அப்பா இடுப்பொடிந்து படுத்தபோது அவருக்கு வயது பதினான்கு. முதுகில் புண் வராமல் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க அப்போதே கற்றுக்கொண்டார். பிறகு நர்சிங் டிப்ளமோ படித்து, திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்கு முதலில் அவர் போனது முதியோர் இல்லத்து உதவியாளராக. அங்கே நர்ஸாகப் பதிவு செய்யத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முன் இங்கே வாங்கிய டிப்ளமோவின் அசலில் அரசு முத்திரை பெற்று அனுப்ப வேண்டும். அந்த வேலையை என்னிடம் விட்டுப் போனார்.

நம் வீடுகளில் சான்றிதழ் என்றால் என்ன செய்வோம்? உப்புக் காற்றில் இற்றுப்போகாமல் லேமினேஷன் போடுவோம். ஞானஸ்நானச் சீட்டுக்குக்கூடப் போட்டிருக்கிறோம். நானும் பெரம்பூர் வரை போய், நல்ல கடையாகப் பார்த்து, கனமான பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு முத்திரை போடும் அலுவலகத்துக்குப் போனேன்.

"இன்னா சார், இத்தப் போயி பிளாஸ்டிக்ல போட்டு எடுத்தாந்துகிறீங்க? காலேஜ் முத்திரையக் கையால தொட்டுப் பாக்கணும் சார். எங்க முத்திரைய எங்க குத்துறது?" என்றார் அங்கிருந்தவர்.

அத்தோடு நின்றேனா? இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி உரித்தால் வந்துவிடும் என்று எவனோ சொன்னான். உரித்தேன். பிளாஸ்டிக்கோடு கல்லூரி முத்திரையும் வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

கல்லூரியில் மறுபிரதி கேட்டால், தொலைந்ததாகப் போலீஸில் எழுதி வாங்கி வா என்றார்கள். தொலையவில்லை, இதோ இருக்கிறது என்றேன். இருந்தால் எதற்கு மறுபிரதி என்றார்கள். இதற்குள் கல்லூரியையே மூடிவிட்டார்கள். அதன் பதிவேடுகள் எங்கே என்று கேட்டு நான் ஏறாத மாடியில்லை. மறுபிரதி கைக்கு வர நான்கு ஆண்டுகள் போயின. அந்த நான்கு ஆண்டும், ஒன்பது வருட அனுபவமுள்ள நர்ஸ், முதியவர்களுக்குச் சாப்பாடு ஊட்டலாம், மாத்திரை கொடுக்கக் கூடாது.

போனில் நான் அழுதேன். அக்காதான் அதட்டினார்.

"வுட்றா. நீ இன்னா வேணும்னேவா பண்ணே? யார்னா கேட்டா, நான் பரீட்சை பாஸாவலன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. நீங்களும் எவ்வளவு சுலபமாக நம்பினீர்கள்! பரீட்சை எழுதவே விடாதபோது எப்படித் தோற்பது? மறுபிரதி போய்ச் சேர்ந்ததும் முதல் முறையிலேயே தேறினார். இரண்டே ஆண்டுகள் நர்ஸ் உடுப்புப் போட்டார். அதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது.

கடைசி மூன்று மாதம் நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் சலைன் வேகமாக இறங்குவதைக் கவனித்துச் சொன்னபோது, "ஆன்ட்டி, நீங்க நர்ஸா?" என்று கேட்டது அங்கிருந்த நர்ஸ் பெண். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கும், இரத்தம் கொடுக்க வியாசர்பாடியிலிருந்து ஓடிவந்த என் நண்பர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலருக்குள் அக்காவின் படம் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். "லேமினேஷன் போட்டுடலாமா சார்?" என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உப்புக் காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகும்தான். அதுவரை கையால் தொட்டுப் பாருங்கள்.