சத்தமில்லாமல் நின்ற பம்ப்

தஞ்சாவூரில் வல்லம் சாலையை ஒட்டிய சிறிய தொழிற்சாலையில் மருந்து ஏற்றும் பம்ப் செய்துகொண்டிருந்தோம். நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் மருந்தை அளவு தப்பாமல் செலுத்தும் கருவி அது. முதலாளி துபாய் மருத்துவமனையில் பல வருடம் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் பாய். நான் பெங்களூர் வேலையை விட்டு ஊருக்கு வந்த பொறியாளர்.

வெளிநாட்டில் விற்கச் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொரு பாதுகாப்பு நிபந்தனையையும் எந்தப் பாகம் நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை அதை நிரூபிக்கிறது என்று காட்டினால்தான் தருவார்கள். கட்டுக்கட்டாகக் காகிதத்தில் எழுதுவதற்குப் பதில், கருவி முழுவதையும் கணினியில் ஒரு மாடலாக வரைந்திருந்தேன். நிபந்தனை, பாகம், சோதனை எல்லாம் கோடுகளால் இணைந்திருக்கும். ஒன்றை மாற்றினால் அதோடு தொடர்புள்ளவை சிவப்பாகும். மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். படம் வரைய இத்தனை மாதமா என்று பாய் சலித்துக்கொண்டதுண்டு.

சான்றிதழுக்காகக் கருவியைச் சோதிக்க ஆய்வாளர் வந்த அன்று காலை, அவர் கீழே பட்டறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உற்பத்தி மேலாளர் போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். பழைய பேட்டரி கிடைக்காததால் வேறு கம்பெனி பேட்டரி போட்டிருக்கிறார்களாம். மாடலில் அதை மாற்றினேன். நான் எதிர்பார்த்த இடங்கள் சிவந்தன. எதிர்பாராத ஒன்றும் சிவந்தது: அலாரம்.

பேட்டரி தீரும்போது நர்ஸை அழைக்கும் அலாரமும் அதே பேட்டரியில்தான் ஓடியது. பழையது மெல்ல மெல்ல இறங்கும். அலாரம் அடிக்க நேரம் இருக்கும். புதியது எப்படி இறங்கும் என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

பாயையும் மேலாளரையும் கூப்பிட்டேன். புதிய பேட்டரி போட்ட, சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்த ஒரு பம்ப்பைப் பின்னறைக்குக் கொண்டுபோய் மின்இணைப்பைப் பிடுங்கினோம். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கீழே ஆய்வாளரின் குரல் படிக்கட்டை நெருங்குவது கேட்டது. சட்டென்று திரை அணைந்தது. மோட்டார் நின்றது. அலாரம் அடிக்கவே இல்லை.

"அவர் இதையெல்லாம் கேக்க மாட்டாருங்க பாய். சான்றிதழ் வந்தப்புறம் சரி பண்ணிக்கலாம்," என்றார் மேலாளர். சான்றிதழ் கிடைத்தால் அனுப்ப வேண்டிய மஸ்கட் ஆர்டர் காத்திருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல ஒரு கணம் எனக்கே தோன்றியது.

பாய் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துபாய்ல ஒரு பம்ப் இப்படித்தான் நின்னுச்சு. மருந்து ஏறிட்டிருந்த அம்மாவோட மகன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தான். அவனுக்கே தெரியல," என்றார். பிறகு என்னிடம், "அவர மேல கூட்டிட்டு வாங்கம்மா. நானே சொல்றேன்."

ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாடலைத் திறக்கச் சொல்லி, சிவந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனார். கடைசியில் இன்று சான்றிதழ் தர முடியாது என்றார். ஆனால் பேட்டரி மாற்றம் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்பது மாடலில் தெளிவாக இருப்பதால், எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, சிவந்தவை போதும் என்றார்.

அலாரத்துக்குத் தனி மின்வழி வைத்தோம். மஸ்கட் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. பட்டறையில் சிலர் வேலையை விட்டுத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகு சான்றிதழ் வந்தது. அன்று பாய் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வரவழைத்தார். மேலாளர் அதைச் சாப்பிட்டபடியே என் மேஜைக்கு வந்து, பம்ப்பில் மருந்து போகும் குழாயை வேறு கம்பெனியில் வாங்கினால் எதெல்லாம் சிவக்கும் என்று பார்க்கச் சொன்னார். நெய்க்கையோடு கணினியைத் தொடாதீர்கள் என்று அவரைத் தடுத்தேன்.