மல்லிகா அக்காவின் இருபத்தைந்து வயல்கள்

குரும்பலூரிலிருந்து போன் வந்தபோது நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தேன். "மல்லிகா போயிடுச்சும்மா. நேத்துகூட நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு" என்றார் அவருடைய அண்ணன். மடித்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அட அக்கா, சொல்லிக்கொள்ளாமல் போகிற ஆளா நீங்கள்?

நம் அச்சகத்தின் இரண்டு கிளைகளிலும் வேலை பார்த்தவர்கள் கோட்டை ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய அட்டையில் நாமே எழுதிய சீட்டுகள். ஆளுக்கு நாற்பது; எதை வைப்பது என்பது அவரவர் இஷ்டம். வயல் சீட்டு சுற்றுக்குச் சுற்று நெல் தரும். நெல்லைக் கொடுத்தால்தான் குதிரையும் யானையும் இறங்கும். எதிராளியின் மூன்று வாசலையும் உடைத்தால் வெற்றி. நான் குதிரைக்காரி, எடுத்ததும் முட்டுவேன். அக்கா வயலாகவே சேர்ப்பார். "மொதல்ல சோத்துக்கு வழி பண்ணுடி, அப்புறம் சண்டைக்குப் போவலாம்" என்பார்.

ஆயுதபூஜையன்று இயந்திரங்கள் ஓடாது. பெரம்பலூர்க்காரர்கள் அரியலூர் வருவார்கள், ஆட்டம் நடக்கும். தோற்றவர் தீபாவளியன்று தன் கிளையைத் திறக்க வேண்டும். ஐப்பசி முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருக்கும். அக்காவும் நானும் அரியலூர்க் கிளை. ஒரு வருஷம் அரியலூருக்காக ஆட வேண்டியவள் நான். அந்தத் தீபாவளியோ என் தங்கச்சியின் தலைதீபாவளி. அப்பா இல்லாத வீடு. எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்கு மாப்பிள்ளை வரும்போது வாசலில் நான் நிற்காவிட்டால் எப்படி?

பயத்தில் முந்தின நாள் என் சீட்டுக்கட்டை அக்காவிடம் கொடுத்து, "கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்கக்கா" என்றேன். பூஜை முடிந்து பிரித்தால் நாற்பதில் இருபத்தைந்து வயல்! என் குதிரைகளைக் காணோம்.

"என்னக்கா இது, வெவசாயமா பண்ணப்போறேன்?" என்று கத்தினேன். புதிதாக எழுதலாம் என்றால் பேனாவும் கத்தரிக்கோலும் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. அன்றைக்கு அதையெல்லாம் தொட முடியுமா?

ஆடினேன். நெல் குவிந்தது. பெரம்பலூர் கலியமூர்த்தி அண்ணன் குதிரைகளை விட்டு இரண்டு வாசலை உடைத்தார். அப்புறம் ஒரே சுற்றில் எனக்கு நாலு யானை இறங்கின. அவருடைய இரண்டு வாசல் சரிந்தன. இன்னும் ஒரு சுற்று கிடைத்திருந்தால் ஜெயித்திருப்பேன். கிடைக்கவில்லை; அதற்குள் என் மூன்றாவது வாசலும் உடைந்தது.

எல்லோர் முன்னாலும் அக்காவைத் திட்டினேன். "வாசலக் காக்க ஒரு ஆள வச்சீங்களா?"

"காவலுக்கு ஆளு வைக்க மறந்துட்டேன்டி" என்று சீட்டுகளைப் பொறுக்கினார். பிறகு மெதுவாக, "கடைய நான் தொறக்குறேன், நீ ஊருக்குப் போ. வூட்டுல ஜெயிச்சுட்டேன்னு சொல்லு, நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

நான் மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கிண்ணம் எடுத்து வைத்த நேரத்தில், அக்கா தனியாக உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் அதிரசத்தோடு போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பொட்டலத்தை நீட்டினேன். அக்கா ஒன்றைக் கடித்துவிட்டு, "வெல்லம் தூக்கலா இருக்கு" என்று குறை சொன்னார். அடுத்த வருஷம் நாலு வயலை எடுத்து நாலு காவலாளைப் போட்டோம். ஜெயித்தோம்.

அந்தக் கட்டு என்னிடம் இருக்கிறது, எடுத்த நாலு வயலும் சேர்த்து. தலைதீபாவளிக்குத் தன் அக்கா ஆட்டத்தில் ஜெயித்து வந்தாள் என்று தங்கச்சி இன்றும் என்னைப் பற்றிப் பெருமை பேசுகிறாள். நாளை காரியத்துக்கு அவளும் நானும் குரும்பலூர் போகிறோம். பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன்: அன்று தோற்றது நான், கடை திறந்தது மல்லிகா அக்கா.