கண்ணாடித் தாடி

மைரனின் தாடி அந்தச் சலவைக்கூடத்தின் பொதுச் சொத்து. குளிர்காலம் வந்துவிட்டால் காலை ஷிஃப்டுக்காரர்கள் கையில் காபியோடு பின்வாசல் கதவருகே வந்து நின்றுகொள்வார்கள். கதவு திறக்கும், ஆவி புகைந்து அடிக்கும், சைக்கிளை உருட்டிக்கொண்டு மைரன் உள்ளே வருவார். தாடி முழுக்கப் பனிக்கட்டி தொங்கும். வின்னிபெக்கில் கார் பாட்டரியே செத்துக் கிடக்கிற காலையில் அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் சைக்கிளில் வேலைக்கு வருகிறார் என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது? ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கிற வேலையில் வேறு என்ன வேடிக்கை இருக்கிறது?

"பெருசு, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பான் லோர்ன். இஸ்திரி உருளையை ஓட்டுகிறவன், வாய் நீளம்.

"முப்பத்தொண்ணு. காத்தோட சேத்தா நாப்பதுக்கு மேல."

மைனஸ் என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. குளிர்காலத்தில் எண் என்றாலே பூஜ்யத்துக்குக் கீழேதான். ஓய்வறையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மைரனின் படம் ஒட்டியிருந்தது. உறைந்த தாடியோடு சிரிக்கிறார். தலைக்கு மேல் யாரோ பேனாவால் கிரீடம் வரைந்துவிட்டிருந்தார்கள். அந்தக் கிரீடத்தை மைரன் கேலியாக எடுத்துக்கொண்டது போலத்தான் நடிப்பார். ஆனால் படம் கொஞ்சம் சரிந்திருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் நேராக்கிவிட்டுப் போவார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ஜனவரியிலிருந்து மைரன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

பனியில் வழுக்காமலிருக்க ஆணி வைத்த டயரில் எத்தனையோ குளிர்காலங்களைப் பார்த்த மனிதர், வீட்டுப் பின்படியில் செருப்போடு குப்பை கொட்டப் போய் வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. பனி கரையும் வரை சைக்கிளைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். விழுந்ததில் வெட்கமில்லை, குப்பை கொட்டப் போய் விழுந்ததை எப்படிப் போய்ச் சொல்வது? லோர்னின் வாய்க்கு அது ஒரு வருஷத்துக்குக் காணும். அதனால் வேலையிடத்துக்கு இரண்டு தெரு முன்னால், தன் உக்ரைனியத் தேவாலயத்தின் பின்புறம் சைக்கிளைக் கட்டிவைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையிலிருந்த பாட்டில் தண்ணீரைத் தாடியில் தடவிக்கொண்டு, நல்ல காலால் மட்டும் மிதித்து அந்த இரண்டு தெருவைக் கடப்பார். அதற்குள் தாடி உறைந்துவிடும். ஒரு நாளைக்குத்தானே என்று ஆரம்பித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் தினமும் மறைத்தார்.

மறைத்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் ரோவேனா இருந்தாள்.

ரோவேனா பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், நாற்பது வயது, விரிப்பு மடிக்கிற மேசையில் வேலை. அவர்கள் வழக்கப்படி வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மைரன் அவளுக்கு அண்ணன். கார் புருஷனுக்கு வேண்டியிருந்தது, பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். இந்த மனிதரால் முடிகிறதே என்று பார்த்து அவளும் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, முன்சக்கரத்துக்கு மட்டும் ஆணி டயர் போட்டு, இலையுதிர்காலத்திலிருந்து ஓட்டி வந்தாள். இருவருக்கும் வழியில் ஒரே ஆறு, ஒரே பாலம். மைரன் கொதிகலனைப் பார்க்கிறவர், காலை ஷிஃப்டோடு வந்துவிடுவார். மடிப்பு மேசைக்கு வேலை அரை மணி நேரம் கழித்துத்தான். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தினமும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புவாள்.

"அண்ணே, பாலம் எப்படி?"

தெருவில் வழுக்கினாலும் ஓரம் ஒதுங்கலாம். பாலத்தில் ஒதுங்க இடமில்லை. கீழேயும் காற்று, மேலேயும் காற்று. ஊரில் முதலில் உறைவது அதுதான். ஜனவரியில் மைரன் பஸ் ஜன்னலின் உறைபனியை நகத்தால் சுரண்டி, பாலத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டார். பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. முப்பதில் என்ன பார்க்க இருக்கிறது? பனி கெட்டித்துக் காய்ந்து சக்கரத்துக்குக் கீழே கறுக் கறுக்கென்று கிடக்கும். கடுங்குளிர் யோக்கியன். இளகிவிட்டு மறுபடி உறைகிறதே, அதுதான் அயோக்கியன். இது மைரனுக்குத் தெரிந்த மாதிரி அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மார்ச்சில் ஒரு நாள் சாயங்காலம் தூறல் போட்டது. ராத்திரி காற்று வடக்கே திரும்பி, விடிவதற்குள் இருபத்திரண்டுக்குப் போய்விட்டது. மைரன் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முழங்கால் குடைந்தது. ஜன்னல் வெள்ளையாக மூடிக் கிடந்தது. பஸ் பாலத்தில் ஏறும்போது போன் அதிர்ந்தது. அவர் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுத்தமா இருக்கு. வா."

அன்றும் தாடியை நனைத்தார், அன்றும் லோர்ன் கைதட்டினான். ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்பார்வையாளருக்குப் போன் வந்தது. ரோவேனா பாலத்தில் விழுந்துவிட்டாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது, காரில் போன யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஓய்வறையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். லோர்னுக்கு மட்டும் உச்சுக் கொட்டுவதோடு நிற்காது.

"பாலம் கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாளாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! நம்ம பெருசு அதே பாலத்துல அரை மணிக்கு முன்னாடிதானே வந்தாரு? ஏன் பெருசு, கண்ணாடியாவா இருந்துச்சு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தாடியிலிருந்த கட்டி எப்போதோ உருகிப்போயிருந்தது.

"கொஞ்சம் வழுக்கல் இருந்துச்சு," என்றார் மைரன்.

"பாத்தீங்களா! ராஜாவுக்குக் கொஞ்சம் வழுக்கல், ராணிக்குக் கண்ணாடி."

சிரித்தார்கள். மைரன் எழுந்து கொதிகலன் அறைக்குப் போய்விட்டார். தன் பெருமைக்காக ஒருத்தியின் கையை முறித்தது போதாதென்று இப்போது அவளைக் கையாலாகாதவளும் ஆக்கியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பகல் முழுக்க அந்த நாக்கு அசையவில்லை.

சாயங்காலம் தேவாலயத்துப் பெண்கள் செய்து விற்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ரோவேனாவின் வீட்டுக்குப் போனார். அவளே கதவைத் திறந்தாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"வாங்கண்ணே. சாப்டீங்களா?"

அதுவே அவருக்குத் தாங்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"பஸ்ல வர்றதா? அது தெரியுமே."

மைரனின் கை தானாகத் தாடிக்குப் போனது.

"என் மூச்சு என் ஸ்கார்ஃப்ல வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி பூக்குது. இமையிலயும் அப்படியே. லோர்ன் தினமும் எடுத்து அனுப்புற படத்துல உங்க இமை காஞ்சு கிடக்கு, தாடியில மட்டும் கட்டி கட்டியா கண்ணாடி தொங்குது. மூச்சுக்காத்து அப்படித் தொங்குமாண்ணே? அது தண்ணிதானே?"

"அப்ப ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? உங்க தாடி, உங்க ஆசை. பஸ்ல வந்தாலும் ஜன்னல் வழியா பாத்துதான் சொல்றாருன்னு நெனச்சேன். உங்க காலையா நம்பினேன்? கண்ணைத்தான் நம்பினேன். இன்னைக்குப் பாத்தீங்களாண்ணே?"

"இல்லம்மா."

அவள் திட்டியிருக்கலாம். அவர் அதற்குத்தான் வந்திருந்தார். அவளோ மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "கொழுக்கட்டை ஆறுது, நீங்க கிளம்புங்கண்ணே," என்றாள்.

மறுநாள் மைரன் பாலத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினார். கைப்பிடியைப் பிடித்தபடி முழங்காலை இழுத்து இழுத்து நடந்து பாலத்தைக் கடந்தார். நடுவில் நின்று கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க விறைக்க எழுதினார்: "நடுவுல இன்னும் கண்ணாடிதான். ஓரத்துல மணல் போட்டிருக்காங்க." கோடை வரை சைக்கிள் ஏற முடியாதவளுக்கு அந்தத் தகவல் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. பதில் வரவில்லை.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். பின்வாசலில் கூட்டம் காத்திருந்தது. தாடியில் கட்டி ஒன்றும் இல்லை. மூச்சு பட்டு லேசாக வெள்ளை பூத்திருந்தது, இமையிலும்.

"என்ன பெருசு, இன்னைக்குச் சரக்கு சரியில்லையே? சைக்கிள் எங்க?"

"பஸ்ல வந்தேன். ஜனவரியிலேருந்து பஸ்தான். தாடிக்கு பாட்டில் தண்ணி. நேத்து நான் பாலத்தைப் பாக்கவே இல்ல, பாக்காமலே அவளை வான்னுட்டேன். அவ சொன்னதுதான் நெஜம்."

லோர்ன் கைதட்டத் தூக்கிய கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். யாரோ காபியைக் குடிக்காமல் தொட்டியில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள், அவர் முகத்தைப் பார்க்காமல். ஓய்வறையில் தனியாக நின்று மைரன் அந்தப் படத்தைப் பெட்டிக் கதவிலிருந்து உரித்தெடுத்தார். ஒரு மூலை கிழிந்து கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.

"நெஜமாவே பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்" என்று எழுதினார். எழுதிவிட்டுப் படித்தார். அது அவருக்கே பொய் மாதிரி இருந்தது.