தட்டில்லாமல் வந்த பத்திரிகை

அன்று காலை களத்தில் புளி உலர்த்தத் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஏதோ வந்து விழுந்தது. தெரியாத நம்பர். ‘இரங்கல் செய்தி’ என்று எழுதி, கீழே ஒரு ஃபைல். நான் தொடவில்லை. தொடக்கூடாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் விமலா. அதனால் அவளுக்கே போன் போட்டேன்.

“அம்மாடி, யாரு வூட்டு எழவோ தெரியல, ஃபைலா வந்திருக்குது. தொறக்கட்டுமா, வேணாமா?”

எடுத்தது அவள் வீட்டுக்காரர். “ஆயா, அது நம்ம விமலாவைப் பத்தினதுதானுங்க. அவ தம்பி அனுப்பியிருக்கான். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள...” என்றார்.

அப்படியே தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டேன். அவள் செத்த சேதி வந்தபோதும் அவள் சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்திருக்கிறேன். அழுகை வந்தது. கூடவே, “பாத்தியாடி, நான் தொறக்கலை!” என்று அவளிடம் சொல்லிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்தக் குதிப்புத்தான் முதலில் வருகிறது.

விமலாவை உங்களில் பலருக்குத் தெரியும். தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தாள். மில், கடை, சின்னச் சின்னக் கம்பெனி என்று எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் வைரஸும் திருடனும் நுழையாமல் காவல் காப்பது அவள் தொழில். காரிமங்கலம் பக்கம் நாங்கள் பெண்களாகச் சேர்ந்து நடத்தும் புளிக் கம்பெனிக்கும் அவள்தான் காவல். நான் அஞ்சாவது வரை படித்த தலைவி. ஆர்டர், கடைக்காரர் விவரம் எல்லாம் கிளவுடில் இருக்கிறது என்பார்கள். எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

முதல் நாள் வந்தவள் என்னிடம் கேட்டாள்: “ஆயா, புளி கறுத்துப்போவாம இருக்க எங்க வெக்கறீங்க?”

“கோல்டு ஸ்டோரேஜ்ல.”

“அது உங்க கட்டடமா?”

“வாடகைக்குத்தான் கண்ணு. வாட்ச்மேன், கரண்டு எல்லாம் அவுங்க பாத்துக்குவாங்க.”

“உங்க ரூமு பூட்டு?”

“அது நம்மளது.”

“அவ்ளோதான் ஆயா கிளவுடு. கட்டடம் அவுங்களது, பூட்டு நம்மளது. பூட்டாம வந்துட்டு, புளி போச்சேன்னு அவுங்களைத் திட்டக்கூடாது.”

எங்கள் பூட்டு என்ன என்று பார்த்தால், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு! எல்லாரும் மாமன் மச்சான் உறவு. ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்திக்கு இல்லை என்றால் சண்டை வரும். விமலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, வேறு பூட்டுப் போட்டு வேறு இடத்தில் வைக்கச் சொன்னாள். “இவளுக்கு வேற வேலை இல்ல” என்று நாங்கள் முணுமுணுத்தோம்.

போன புளி சீசனில்தான் அது நடந்தது. கம்பெனி போன் எங்கள் பாக்கியத்திடம் இருந்தது. அதில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியவில்லை. ஆனாலும் திறந்துவிட்டாள். “மரியாதைக்கு அழைக்கறாங்க. பிரிக்காம வுட்டா தப்பா நெனைக்க மாட்டாங்களா ஆயா?” என்றாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் தானாகவே எங்கள் கடைக்காரர்களுக்கெல்லாம் அதே பத்திரிகையை அனுப்ப ஆரம்பித்தது. எங்கள் பெயரில்! நாங்கள் அனுப்பினோம் என்று நம்பி அவர்களும் திறப்பார்கள். அவர்கள் தொழிலும் கெடும், எங்கள் பெயரும் கெடும். அதற்கு மேல் எங்களிடம் யார் புளி வாங்குவார்கள்?

விமலாவுக்குப் போன் போட்டேன். “மொதல்ல அந்தப் போனை அணைச்சு, சிம்மைக் கழட்டுங்க ஆயா. வந்துட்டேன்!” என்றாள். ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் படித்து, திருடன் அதற்குள் எங்கள் கிளவுடில் நுழைந்துவிட்டான். பணம் பறிப்பதற்காக, நாங்கள் திறக்க முடியாதபடி ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான். இவள் தன் லேப்டாப்பிலிருந்து உள்ளே இருந்த எல்லாரையும் வெளியே தள்ளினாள், பூட்டை மாற்றினாள். “நீங்க சும்மா நிக்காதீங்க, கடைக்காரங்களுக்கு உங்க உங்க போன்ல சொல்லுங்க!” என்று ஒரு அதட்டல்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். “அண்ணா, எங்கூட்ல கல்யாணம் இல்லீங்க! பத்திரிகையைத் தொறக்காதீங்க!” சேலத்துக் கடைக்காரர் ஒருவர், “அட, மொய்க்கவர்ல பேரே எழுதிட்டேனுங்களே” என்றார். அந்தப் பதற்றத்திலும் விமலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொழுது சாய்வதற்குள், நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவைத்த வெள்ளிக்கிழமை நகலிலிருந்து ஆர்டர் எல்லாம் திரும்ப வந்தது. ஒவ்வொரு கடையின் பெயரும் திரையில் வர வர நாங்கள் கை தட்டினோம். கபடியில் ஜெயித்த மாதிரி சத்தம்!

பாக்கியம் மட்டும் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். விமலா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அக்கா, நீங்க மரியாதைக்குத்தான் தொறந்தீங்க. நம்ம மரியாதை தெரிஞ்சுதான் அந்தத் திருட்டுப்பய பத்திரிகையா அனுப்பறான். இனிமே ஒன்னு பாருங்க. தட்டு எங்க, வெத்தல பாக்கு எங்க? தட்டில்லாம வந்தா தொடாதீங்க. போன் போட்டுக் கேளுங்க.”

அடுத்த வாரம் எனக்கு ஒரு குட்டிச் சாவி கொண்டுவந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் தலைவி கணக்கு திறக்கும். “ஓ.டி.பி.யை எங்கியோ உக்காந்துக்கிட்டு திருடலாம் ஆயா. உங்க இடுப்புல இருக்கறதை எவன் திருடுவான்?” என்றாள். வீட்டுச் சாவிக்கொத்தோடு அதை அன்று கோத்தேன். இதோ, எழுதும்போதும் இடுப்பில் கிலுகிலுக்கிறது.

என் பேத்தி பெங்களூரில் இதே காவல் வேலையில் இருக்கிறாள். ‘கட்டடம் அவுங்களது, பூட்டு நம்மளது’ என்பதை அவள் ஆபீசில் சொல்லிக் கை தட்டல் வாங்கினாளாம். விமலா சொன்னது என்று மறக்காமல் சொன்னாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பேத்திக்கு வைகாசியில் கல்யாணம். துக்க வீட்டுக்கு இப்போதே பத்திரிகை வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய், முதல் பத்திரிகையை விமலா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

“இந்த வெயில்ல எதுக்குங்க ஆயா? போன்ல அனுப்பியிருக்கலாமே” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“அனுப்பியிருந்தா உங்கூட்டுக்காரி தொறந்திருக்க மாட்டாளே, தம்பி” என்றேன்.